குளியலறைச் சரக்குகளும் வீட்டுப் பூனையும்

தறி ஓடும் வீட்டிலும், நெற்குதிர் நிற்கும் வீட்டிலும் பூனைக்கு ஓர் உரிமையான இடம் தொன்றுதொட்டு இருந்து வருகிறது. கஞ்சி போட்டு உலர்த்திய பாவு எலியின் கண்ணுக்கு உணவாகவே தோன்றும். ஒரே இரவில் ஓர் எலி பாவின் குறுக்கே பல் வைத்துவிட்டால், அறுந்த இழைகளைத் தேடிப் பிணைப்பதற்குள் நெசவாளியின் ஒரு நாள் உழைப்பு போய்விடுகிறது. உழவர் வீட்டிலோ, எலி தின்பது ஒரு பங்கு என்றால், கோணியைக் கிழித்துச் சிந்துவதும், சிறுநீராலும் புழுக்கையாலும் தானியத்தைக் கெடுப்பதும் வேறொரு பங்கு. இவ்விரு நஷ்டங்களையும் கூலி கேளாமல் குறைத்துத் தருவது பூனை. அதன் நலத்தைக் கவனிப்பது ஜீவகாருண்யம் என்பதோடு, குடும்ப வரவு செலவைச் சேர்ந்த காரியமும் ஆகும். பூனை இல்லாத வீட்டில் எலி பெருகும். எலி பெருகிய வீட்டில் எலி மருந்து நுழையும். எலி மருந்து நுழைந்த வீட்டில் குழந்தைகளுக்கும் கோழிகளுக்கும் ஆபத்து நுழையும். இந்தச் சங்கிலியின் முதற் கண்ணி அறுபடாமல் காப்பதற்கு வழி யாது என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கிணற்றடியில் குளித்து, சாம்பலும் செங்கற்பொடியும் சீயக்காயும் கொண்டு எல்லாவற்றையும் துலக்கி வந்த காலம் மாறிவிட்டது. இன்று சிற்றூர்களிலும் வீட்டோடு சேர்ந்த குளியலறையும் கழிப்பறையும் ஏற்பட்டுள்ளன. இது வரவேற்கத்தக்க முன்னேற்றமே. ஆனால் அவற்றுடன் பினாயில், பிளீச்சிங் பவுடர், கழிப்பறை ஆசிட், பாச்சை உருண்டை, கிருமிநாசினி, பேன் மருந்து முதலிய சரக்குகளும் வீட்டுக்குள் வந்துவிட்டன. நெசவாளர் வீடுகள் சிலவற்றில் காஸ்டிக் சோடாவும் சாயப் பொட்டலங்களும்கூட இதே அறையில்தான் வைக்கப்படுகின்றன. மனிதனுக்கு அதிகத் தீங்கு செய்யாத அளவிலேயே இவற்றிற் சில பூனையின் உயிருக்கு உலை வைக்கக் கூடியவை. அதன் காரணத்தை முதலில் அறிந்துகொண்டால், எதை விலக்க வேண்டும், எதை வைத்துக்கொள்ளலாம் என்பது தானே விளங்கும்.

பூனைக்கு ஏன் தனி ஆபத்து?

காரணங்கள் இரண்டு. ஒன்று அதன் நாக்கில் இருக்கிறது. மற்றொன்று அதன் ஈரலில் இருக்கிறது.

பூனை தன் உடலைத் தானே நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும் பிராணி. அமெரிக்காவில் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த அலெக்சிஸ் நோயல், டேவிட் ஹூ என்னும் இருவர் 2018-ல் இதை ஆராய்ந்து வெளியிட்டார்கள். விழித்திருக்கும் நேரத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கைப் பூனை இவ்வேலையிலேயே கழிக்கிறது. அதன் நாக்கில் பின்னோக்கி வளைந்த சிறு முட்கள் சுமார் 290 உள்ளன. ஒவ்வொரு முள்ளின் நுனியும் அகப்பையைப் போலக் குழிந்திருப்பதால், எச்சிலை ஏந்தி மயிரின் அடிவரை கொண்டு சேர்க்கிறது. திரும்பும்போது மயிரில் ஒட்டியதை அதே முட்கள் வாய்க்குள் கொண்டு வந்துவிடுகின்றன. எனவே பூனையின் பாதத்திலோ வயிற்றிலோ வாலிலோ எது பட்டாலும், அது சிறிது நேரத்தில் வயிற்றுக்குள் சென்றுவிடும் என்று கொள்ளலாம். பினாயிலை எந்தப் பூனையும் விரும்பிக் குடிப்பதில்லை. பினாயில் தெளித்த தரையில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கினால் அதுவே போதும்.

இரண்டாவது காரணம் இன்னும் ஆழமானது. மனிதன் உட்கொள்ளும் வேண்டாத பொருள்கள் பலவற்றை ஈரல், குளுக்குரானிக் அமிலம் என்னும் ஒரு பொருளுடன் பிணைத்து, நீரில் எளிதில் கரையத்தக்கதாக்கி, சிறுநீர் வழியாகவும் பித்தநீர் வழியாகவும் வெளியேற்றிவிடுகிறது. இப்பிணைப்பு வேலையைச் செய்யும் நொதிகள் பல உண்டு. அவற்றுள் பினால் வகைப் பொருள்களைக் கவனிக்கும் முக்கியமான நொதி ஒன்று பூனைக்கு இல்லை. அந்த நொதிக்குரிய மரபணு பூனையின் உடலில் சிதைந்து, செயலற்றுக் கிடக்கிறது என்பதை அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 2000-ல் வெளியிட்டார்கள். வீட்டுப் பூனையைப் போலவே சிங்கம், சிறுத்தை முதலிய பூனைக் குடும்பத்துப் பிராணிகளிலும் இக்குறை உண்டு என்பது 2011-ல் வெளியான மற்றோர் ஆராய்ச்சியால் தெரிய வந்தது. செடி கொடிகளைத் தின்னும் பிராணிகள் தாவர விஷங்களை நாள்தோறும் சமாளிக்க வேண்டியிருக்கிறது. ஊனையே உண்டு வாழும் பிராணிக்கு அத்தேவை குறைவு. உபயோகப்படாத கருவி துருப்பிடிப்பது போல, பல லட்சம் ஆண்டுகளில் அந்த நொதி இவ்வினத்தில் மறைந்துபோயிற்று என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். நமக்குச் சில மணி நேரத்தில் நீங்கிவிடும் ஒரு நஞ்சு பூனையின் உடலில் நாட்கணக்கில் தங்கி வேலை செய்வது இதனால்தான்.

பினாயில்

பினாயிலின் வரலாறு நிலக்கரித் தாரிலிருந்து தொடங்குகிறது. 1834-ல் ஜெர்மானிய ரசாயனியான ரூங்கே தாரிலிருந்து கார்பாலிக் அமிலத்தைப் பிரித்தெடுத்தார். இன்று அதற்குப் பினால் என்று பெயர். 1865-ல் கிளாஸ்கோ நகரத்து அறுவை வைத்தியரான ஜோசப் லிஸ்டர் அதைக் காயங்களுக்கு உபயோகித்து, புண் சீழ்ப்பிடித்து நோயாளி இறப்பதைத் தடுக்கலாம் என்று காட்டினார். மனித குலத்துக்கு அது பேருபகாரம் என்பதில் ஐயமில்லை. அந்த வழியில் வந்ததே நம் வீடுகளில் வழங்கும் கறுப்புப் பினாயில். இதில் தாரிலிருந்து வரும் பினால் இனப் பொருள்கள் அடங்கியுள்ளன. வெள்ளைப் பினாயிலில் பெரும்பாலும் பைன் மரத்து எண்ணெய் கலந்திருக்கும். பூனைக்கு இரண்டுமே ஆகாதவை.

சாதாரண அங்கத்தினர் ஒருவர் புட்டியிலுள்ள ரசாயனப் பெயர்களைப் படித்துத் தெரிந்துகொள்வது கடினம். அதற்கு எளிய குறிப்பு ஒன்று உண்டு. ஒரு கிருமிநாசினியைத் தெளிந்த நீரில் சில துளிகள் விட்டால் நீர் பால் போல வெளுக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெளுத்தால், அதில் பினால் வகையோ பைன் எண்ணெயோ இருக்கக் கூடும் என்று கருதி, பூனை உள்ள வீட்டில் அதை விலக்கிவிடுவது உத்தமம். காயத்துக்குப் போடும் பழுப்பு நிறக் கிருமிநாசினிகளும் இச்சோதனையில் வெண்மையாவதைக் காணலாம். ஆனால் வெளுக்காதவை யாவும் தீங்கற்றவை என்று முடிவு கட்டலாகாது. பென்ஸால்கோனியம் குளோரைடு என்னும் பொருள் கலந்த தரை கழுவும் திரவங்கள் நீரை வெளுக்கச் செய்யாமலே இருக்கலாம். அவற்றை நக்கிய பூனைக்கு நாக்கிலும் வாயிலும் கொப்புளமும் புண்ணும் உண்டாகும். இப்புண் உடனே தோன்றாமல் பல மணி நேரம் சென்ற பின்பே வெளிப்படுவதால், காலையில் தரை கழுவியதற்கும் மாலையில் பூனை உணவை மறுப்பதற்கும் உள்ள சம்பந்தம் நம் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது.

உழவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய செய்தி மற்றொன்று. மாட்டின் புண்ணில் புழு வைத்தால் பினாயிலோ டர்பன்டைன் எண்ணெயோ விடுவது கிராமங்களில் நெடுங்கால வழக்கம். அதே கைவைத்தியத்தைப் பூனையின் புண்ணுக்குச் செய்வது அதைக் கொல்வதற்குச் சமானம். பினால் தோலின் வழியாகவே உடலுக்குள் ஊறிச் செல்லும். எஞ்சியதைப் பூனை நக்கிவிடும்.

தரை மணக்க வேண்டும் என்று துடைக்கும் நீரில் நீலகிரித் தைலமும் ஆரஞ்சுத் தோல் எண்ணெயும் கலப்பவர்கள் உண்டு. இயற்கைப் பொருள் என்பதனால் இவை தீங்கற்றவை என்று எண்ணுவது தவறு. மணமுள்ள எண்ணெய்கள் பலவற்றையும் பூனையின் ஈரல் எளிதிற் சமாளிப்பதில்லை.

பிளீச்சிங் பவுடர்

இது நெசவுத் தொழிலோடு நெருங்கிய உறவுள்ள சரக்கு. பதினெட்டாம் நூற்றாண்டுவரை ஐரோப்பாவில் துணியை வெளுப்பதற்குப் புல்வெளியில் விரித்து மாதக்கணக்கில் வெயிலிற் போட்டு வைத்தார்கள். 1774-ல் ஸ்வீடன் தேசத்து ஷீலே குளோரின் வாயுவைக் கண்டறிந்தார். 1785-ல் பிரான்சில் பெர்த்தலே அதைக் கொண்டு துணி வெளுக்கலாம் என்று காட்டினார். 1799-ல் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த சார்லஸ் டென்னண்ட், குளோரினைச் சுண்ணாம்பில் ஏற்றித் தூளாக்கும் முறைக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். நூல் வெளுக்கப் பிறந்த அந்தத் தூளே பிற்காலத்தில் குடிநீர்க் கிணற்றுக்கும் கழிப்பறைக்கும் வந்து சேர்ந்தது.

பினாயிலோடு ஒப்பிடும்போது, பிளீச்சிங் பவுடரும் அதன் திரவ வடிவமும் முறையறிந்து உபயோகித்தால் பூனைக்கு அபாயம் குறைந்தவை என்றே சொல்லலாம். தூளாகவோ, நீர் கலக்காத திரவமாகவோ இருக்கும்போது இவை தோலையும் வாயையும் கண்ணையும் அரிக்கும். நன்றாக நீர் கலந்து, தரையில் ஊற்றி, பிறகு நல்ல நீரால் கழுவி, உலரவிட்டால் மிச்சம் நிற்பது அற்பமே. கடையில் விற்கும் சுமார் 5 சதவீதத் திரவத்தில் 1 பங்குக்கு 32 பங்கு நீர் சேர்ப்பது பிராணிகள் தங்கும் இடங்களுக்கென்று கால்நடை வைத்தியர்கள் கூறும் அளவு. முதலில் அழுக்கைச் சோப்புநீரால் நீக்கிவிட்டு, இக்கலவையைப் 10 நிமிஷம் தரையில் நிற்கவிட்டுக் கழுவ வேண்டும். பூனைக் குட்டிகளைக் கூட்டங் கூட்டமாகக் கொல்லும் வாந்திபேதி நோயின் கிருமியைப் பினாயில் அழிப்பதில்லை, இக்கலவை அழிக்கிறது. பூனைக்கு ஆகாத பினாயில் பூனையின் நோயையும் தீர்ப்பதில்லை என்றால், அதை வாங்குவதில் லாபம் ஏது?

இங்கே இரண்டு எச்சரிக்கைகள் அவசியம். பிளீச்சிங் பவுடரையும் கழிப்பறை ஆசிட்டையும் ஒருபோதும் ஒன்றாகச் சேர்க்கலாகாது. சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பும். அது தரையோடு தங்கும் கனமான வாயு. குனிந்து தேய்க்கும் பெண்களுக்கும், தரையோடு தரையாகத் திரியும் பூனைக்கும் அதுவே முதலில் எட்டும். பூனையின் சிறுநீர் தேங்கிய இடத்தில் நேரே பிளீச்சிங் திரவத்தை ஊற்றுவதும் தகாது. சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியாவோடு அது சேர்ந்து மூச்சை அடைக்கும் வாயுவை உண்டாக்கும். முதலில் வெறும் நீரால் கழுவிவிட்டுப் பிறகே இதை உபயோகிக்க வேண்டும். சில பூனைகள் இம்மணத்தால் கவரப்பட்டு ஈரத் தரையில் புரளுவதும் உண்டு. ஆகவே தரை உலரும் வரையில் கதவு சாத்தியிருத்தல் வேண்டும்.

ஆசிட்டும் காரமும்

கழிப்பறைப் பீங்கானின் கறையை நீக்கும் திரவங்களில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது. பழைய புட்டிகளில் அளந்து விற்கப்படும் ஆசிட் இன்னும் காரமானது. அமிலம் பட்ட வாயும் தொண்டையும் வெந்துபோகின்றன. குழாய் அடைப்பு நீக்கும் தூளும், சாயத் தொட்டிக்கு வாங்கும் காஸ்டிக் சோடாவும் இதற்கு நேர்மாறான இனமாயினும், விளைவில் இவை அமிலத்தைவிடக் கொடியவை. காரம் சதையைக் கரைத்துக்கொண்டே உள்ளே இறங்கும். கழிப்பறைத் தண்ணீர்த் தொட்டியில் போடும் நிறவில்லைகளும் இவ்வகையிற் சேர்த்து எண்ணத்தக்கவையே. கழிப்பறை நீரைப் பூனை நக்கிக் குடிக்கும் வழக்கம் பல வீடுகளில் காணப்படுவது.

பாச்சை உருண்டை

துணிப் பெட்டிக்கும், கை கழுவும் தொட்டிக்கும் போடும் பாச்சை உருண்டையை அந்துருண்டை என்றும் வழங்குவர். இது நாப்தலீனாலோ, பாராடைகுளோரோபென்ஸீன் என்னும் பொருளாலோ செய்யப்படுகிறது. உருண்டையாக இருப்பதால் பூனைக் குட்டி உருட்டி விளையாடும். விளையாட்டின் நடுவே கடிக்கும். நாப்தலீன் இரத்தத்திலுள்ள சிவப்பணுக்களை உடைக்கும். பூனையின் சிவப்பணு இயல்பாகவே இத்தகைய கேட்டுக்கு எளிதில் உடைவது. ஈறு வெளுத்தல், சிறுநீர் கருஞ்சிவப்பாதல், சோர்ந்து படுத்தல் ஆகியவை ஓரிரு நாள் கழித்துத் தோன்றலாம். பட்டுப் புடவைகளைக் காக்க இவ்வுருண்டை வேண்டும் என்பவர்கள் அதைத் துணியில் முடிந்து, பூட்டிய பெட்டிக்குள் மாத்திரமே வைத்தல் வேண்டும். தொட்டியிலும் நீர் போகும் வாய்க்காலிலும் போட வேண்டிய தேவை எதுவும் இல்லை.

அலமாரியில் உள்ளவை

குளியலறை அலமாரியில் வைக்கும் மருந்துகளில் முதலிடம் பாராசிட்டமால் மாத்திரைக்கு. காய்ச்சலுக்கு நாம் தயக்கமின்றி விழுங்கும் 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொல்லப் போதுமானது. ஈறும் நாக்கும் பழுப்பு நிறமாகி, முகமும் பாதமும் வீங்கி, மூச்சுத் திணறி அது இறக்கும். ‘பூனைக்குக் காய்ச்சல், பாதி மாத்திரை கொடுத்தால் என்ன?’ என்று அன்பினால் செய்யும் காரியமே பல இடங்களில் அதன் முடிவுக்குக் காரணமாகிறது.

அடுத்தது பெர்மெத்ரின். தலைப்பேனுக்குரிய திரவத்திலும் சொறி மருந்திலும் இது உண்டு. 1973-ல் இங்கிலாந்தில் ராதம்ஸ்டட் ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கப்பட்ட இப்பொருள் மனிதனுக்கும் நாய்க்கும் சரியான அளவில் ஏற்கக்கூடியது; பூனைக்கோ கொடிய நஞ்சு. பேன் மருந்து போட்டுக் குளித்த நீர் தேங்கிய தரையில் பூனை படுக்கலாகாது. நாய் உண்ணிக்கும் மாட்டு உண்ணிக்கும் வாங்கிய மருந்தில் மிஞ்சியதைப் பூனைக்குத் தடவுவது அறவே கூடாது. உடல் நடுக்கமும் வலிப்புமே அதன் பலன். முடி வளர்ப்பதற்குத் தலையில் தடவும் மினாக்ஸிடில் என்னும் மருந்தும் இவ்வாறே சிறு அளவிலும் பூனைக்கு ஆகாதது. அதைத் தடவிய தலையணையில் பூனை படுப்பதும், தடவிய தலையை நக்குவதும் ஆபத்து.

கடைசியாக, நெசவாளர்க்கு மிகவும் நெருங்கிய பொருளான நூல். பல்லிடுக்கு நூலும், தையல் நூலும், தறிக்கடியில் சேரும் இழைத் துண்டுகளும் பூனைக்கு விளையாட்டுப் பொருள்கள். நாக்கின் முட்கள் பின்னோக்கி இருப்பதால் வாயில் சென்ற நூலை அதனால் துப்ப இயலாது, விழுங்கத்தான் இயலும். நூலின் ஒரு முனை நாக்கினடியில் மாட்டிக்கொள்ள, மறுமுனை குடலில் இறங்கினால், சுருக்குக் கயிறு இழுத்த பையைப் போலக் குடல் மடிந்து சுருங்கி அறுபட்டுவிடும். வாயிலோ ஆசனத்திலோ நூல் தொங்குவதைக் கண்டால் அதைப் பிடித்து இழுக்கவே கூடாது. வைத்தியரிடம் கொண்டு செல்ல வேண்டும். தார் சுற்றும் இடத்தையும் தறிக்குழியையும் அன்றாடம் பெருக்கிக் கழிவு நூலை மூடியுள்ள கூடையில் போடுவது இதற்கு எளிய பரிகாரம்.

எவ்வாறு கண்டறிவது?

பேச இயலாத பிராணி தன் துன்பத்தைச் சில அடையாளங்களால் தெரிவிக்கிறது. வாயிலிருந்து எச்சில் ஒழுகுதல், பாதத்தால் வாயைத் தேய்த்தல், உணவருகே வந்து முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போதல், நாக்கு அசாதாரணமாகச் சிவத்தல், வாந்தி, தள்ளாட்டம், நடுக்கம், வாய் திறந்து மூச்சு விடுதல், ஈறு வெளுத்தோ பழுத்தோ பழுப்பாகவோ காணுதல் ஆகியவை முக்கியமானவை. மயிரில் பினாயில் மணமோ குளோரின் மணமோ வீசுகிறதா என்றும் முகர்ந்து பார்க்க வேண்டும். பூனை மூலையில் ஒளிந்துகொண்டால் ‘தானே சரியாகிவிடும்’ என்று விட்டுவிடலாகாது. இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்த பூனைக்கு அப்பட்டினியாலேயே ஈரலில் கொழுப்பு ஏறி மற்றொரு நோய் உண்டாவதும் உண்டு.

உடனே செய்ய வேண்டியவை

முதலாவதாக, பூனை மேலும் நக்காதபடி தடுக்க வேண்டும். பழைய துண்டு ஒன்றில் தலை மாத்திரம் வெளியே தெரியும்படி சுற்றிப் பிடித்தால், அது நக்கவும் இயலாது, நம்மைப் பிறாண்டவும் இயலாது. கையுறையோ பிளாஸ்டிக் பையோ கையில் மாட்டிக்கொள்வது நமக்குப் பாதுகாப்பு.

இரண்டாவதாக, மயிரிலும் பாதத்திலும் பட்டதை வெதுவெதுப்பான நீரை ஏராளமாக விட்டுக் கழுவ வேண்டும். எண்ணெய்ப் பசையுள்ள சரக்காயின் பாத்திரம் கழுவும் மென்மையான சோப்புத் திரவம் சிறிது சேர்க்கலாம். மண்ணெண்ணெயோ டர்பன்டைனோ தொடக்கூடாது. கண்ணில் பட்டிருந்தால் நல்ல நீரை 15 நிமிஷம் மெல்ல ஊற்றிக்கொண்டிருக்க வேண்டும். கழுவிய பின் துடைத்து, குளிர் தாக்காமல் சூடான இடத்தில் வைத்தல் வேண்டும்.

மூன்றாவதாக, வாந்தி எடுக்க வைக்க முயலவே கூடாது. உப்பு நீர் புகட்டுவதும், விரலை விடுவதும், விளக்கெண்ணெய் ஊற்றுவதும் பழைய பழக்கங்கள். அமிலமோ காரமோ இறங்கும்போது ஒரு முறை தொண்டையைச் சுடுகிறது. வாந்தியாக ஏறும்போது மறுமுறை சுடுகிறது. அமிலத்தை முறிக்கச் சோடாவும், சோடாவை முறிக்க எலுமிச்சைச் சாறும் கொடுப்பது அதைவிடக் கெடுதல். வலியப் புகட்டும் எந்தத் திரவமும் மூச்சுக் குழாயில் இறங்கக் கூடும். பூனை தானாக நக்கிக் குடித்தால் சிறிது நீர் வைக்கலாம், அவ்வளவே.

நான்காவதாக, சரக்கின் புட்டியையோ உறையையோ கையோடு எடுத்துக்கொண்டு தாமதமின்றிக் கால்நடை மருந்தகம் செல்ல வேண்டும். என்ன பட்டது, எப்போது பட்டது, எவ்வளவு பட்டது என்னும் மூன்று செய்திகளும் வைத்தியருக்குப் பாதிச் சிகிச்சைக்குச் சமம். பாராசிட்டமாலுக்கு மாற்று மருந்து உண்டு. பெர்மெத்ரின் வலிப்பை அடக்கவும் மருந்து உண்டு. இரண்டுக்கும் காலமே உயிர். சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய இடங்களிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிகளைச் சேர்ந்த மருத்துவமனைகளும் அந்தந்த வட்டாரத்து அங்கத்தினர்க்குப் பயன்படும்.

வருமுன் காத்தல்

கோடைக்காலத்தில் வீட்டிலேயே குளிர்ச்சியான தரை குளியலறைத் தரைதான். பூனை அங்கே படுப்பது அதன் குற்றமன்று. கழுவி, உலரும் வரையில் கதவைச் சாத்துவது நம் கடமை. வாளிக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் மூடி இருக்கட்டும். துடைப்பத் துணியை ஊற வைத்த வாளியைத் திறந்த வெளியில் விடக்கூடாது. பூனைக்கு நல்ல நீர் ஒரு மண் சட்டியில் நிழலில் எப்போதும் இருந்தால், அது கழிப்பறை நீரைத் தேடிப் போகும் வழக்கம் குறையும். மூடியுள்ள பெட்டி ஒன்றை அறைச் சுவரில் உயரமாக அறைந்து, எல்லாச் சரக்கையும் அதில் வைத்துக் கொக்கி மாட்டினால் செலவு சொற்பம். பூனையோடு தவழும் குழந்தையும் காக்கப்படுகிறது. அன்றாடச் சுத்தத்துக்குச் சோப்புத் தூளும் வெந்நீரும் தேய்ப்பானும் பெரும்பாலும் போதும். கறைக்கு ஆப்ப சோடா கொண்டு தேய்க்கலாம். கிருமி நாசம் வேண்டிய நாளில் மேலே சொன்ன பிளீச்சிங் கலவையைக் கையாளலாம்.

சங்கங்கள் செய்யக்கூடிய பணியும் ஒன்று உண்டு. பினாயிலும் ஆசிட்டும் பழைய குடிநீர்ப் புட்டியிலும் சர்பத்துப் புட்டியிலும் பெயர்ச்சீட்டின்றி விற்கப்படுவதை நாம் பல ஊர்களில் காண்கிறோம். இதனால் நேரும் ஆபத்து பூனையோடு நிற்பதில்லை. நம் பண்டகசாலைகள் சரக்கின் பெயர், அடங்கிய பொருள்கள், கலக்க வேண்டிய நீரின் அளவு ஆகியவற்றைத் தமிழில் அச்சிட்ட சீட்டு ஒட்டாத எந்தப் புட்டியையும் விற்பதில்லை என்று தீர்மானிக்கலாம். பினாயில் தயாரித்து விற்கும் மகளிர் குழுக்களும் இந்நியமத்தை மேற்கொண்டால் அவர்களுடைய சரக்குக்கு மதிப்பு கூடுமேயன்றிக் குறையாது. பூனை வளர்க்கும் அங்கத்தினர் தொகை அதிகமாக உள்ள சங்கங்கள், பினால் கலவாத தரைச் சோப்பையும் மொத்தமாக வாங்கி வைக்கலாம். தனியொருவர் கேட்டால் கடைக்காரர் காதில் ஏறாது. நூறு குடும்பங்கள் சேர்ந்து கேட்டால் சரக்கு தானே வரும். கூட்டுறவின் பலன் என்று நாம் சொல்வது இதைத்தான்.

இம்மாத இதழைப் படித்து முடித்ததும் அங்கத்தினர் ஒவ்வொருவரும் தம் வீட்டுக் குளியலறைக்கு ஒரு முறை சென்று, தரை மட்டத்தில் எத்தனை புட்டிகள் நிற்கின்றன, எத்தனை உருண்டைகள் கிடக்கின்றன என்று எண்ணிப் பார்க்கக் கேட்டுக்கொள்கிறோம். அவற்றைப் பெட்டிக்குள் ஏற்றி வைக்கக் கால் மணி நேரம் பிடிக்கும். பாவையும் நெல்லையும் இரவெல்லாம் விழித்துக் காக்கும் பிராணிக்கு அந்தக் கால் மணி நேரத்தை நாம் தாராளமாகவே ஒதுக்கலாம்.